பணி ஆணையில் இல்லாத பாடம்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க இரண்டு வருட ஆசிரியர் பட்டயம் வேண்டும். தகுதித் தேர்விலும் தேற வேண்டும். பிளஸ் டூ மாணவிக்குப் பொருளியல் நடத்த முதுகலைப் பட்டத்தோடு பி.எட். வேண்டும். அதே மாணவி மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிவிட்டு, கோடை கழிந்து கல்லூரி வகுப்பில் வந்து உட்காரும்போது, அவள் முன்னால் நிற்கிற உதவிப் பேராசிரியர் கற்பிக்கும் முறையை ஒரு நாளாவது பயின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதுகலை, அதோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, இல்லாவிட்டால் பிஎச்.டி. அவ்வளவுதான் கேட்பார்கள். நெட் முதல் தாளில் கற்பித்தல் திறன் என்று ஓர் அலகு இருக்கிறது. 50 கேள்விகளில் 5 கேள்வி அதிலிருந்து வரும். நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். வகுப்பில் நிற்கத் தெரியுமா என்பதை அந்தத் தேர்வு சொல்லாது.

நான் பொருளியல் ஆசிரியை. பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கூடலூரில் கழித்தேன். கடைசிச் சில வருடங்கள், புதிதாக வந்து சேரும் ஆசிரியர்களை வகுப்புக்குத் தயார்செய்கிற பொறுப்பும் என்னிடம் இருந்தது. அந்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் சர்வீஸில் நான் மிகவும் மதித்துச் செய்த வேலை அது.

கூடலூர் வகுப்பறையைப் பார்க்காதவர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் முட்டிக்கொள்கிற மூலை இது. ஒரே பெஞ்சில் வீட்டில் மலையாளம் பேசுகிற எருமாடு ஊர்ப் பையன் இருப்பான். பக்கத்தில் வயநாடன் செட்டி வீட்டுப் பிள்ளை. அடுத்தது சேரம்பாடியிலிருந்து வரும் பெண். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபின் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். கடைசி வரிசையில் பணியர் காலனியிலிருந்தோ காட்டுநாயக்கர் குடியிருப்பிலிருந்தோ ஒருவர், இருவர். பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். ஓவேலிப் பக்கத்துப் பிள்ளைகள் மாலை பஸ்ஸை விட்டுவிட்டால் இருட்டில் யானை நிற்கிற ரோட்டில் நடக்க வேண்டும்; மூன்று மணிக்கு மேல் அவர்கள் கண் ஜன்னல் பக்கம்தான் போகும். கல்லூரி திறக்கிற மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழையும் இறங்கும். தேவாலா மழை அளவை மாநிலமே வானிலை அறிக்கையில் கேட்டிருக்கும். ஆனால் அந்த மழை தகரக் கூரையில் விழுகிறபோது ஆசிரியரின் குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது என்பதை இங்கே நின்று பாடம் எடுத்தவர்களே அறிவார்கள்.

இந்த வகுப்புக்குள் ஜூலை மாதத்தில் ஒரு நாள், கையில் பணி ஆணையோடு, இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் ஒருவர் நுழைகிறார். ஆராய்ச்சியில் கெட்டிக்காரர். பாடப்புத்தகம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

விதி இல்லாமல் இல்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களை ஏற்படுத்தியது. புதியவர்களுக்கு நான்கு வார ஓரியன்டேஷன், 144 மணி நேரம். பிறகு பாடவாரியாக மூன்று வார ரெஃப்ரெஷர். 2015-ல் அந்த மையங்களுக்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2019-ல் குரு தக்ஷதா என்ற பெயரில் ஒரு மாதத் தொடக்கப் பயிற்சிக்கான வழிகாட்டி வந்தது. 2023 செப்டம்பர் 5-ல் எல்லாம் மாளவியா மிஷன் என்ற குடையின்கீழ் போயின. மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் நல்ல வாசகம் ஒன்று இருக்கிறது: புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சி கொடுக்க வேண்டும், கற்பிக்கத் தொடங்கும் முன்பே கொடுப்பது சிறப்பு, எப்படியும் சேர்ந்த ஒரு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இதை எழுதியவருக்கு வகுப்பறை தெரிந்திருக்கிறது.

ஆனால் விதியின் பிடி வேறொரு இடத்தில் இருக்கிறது. ஊதிய லெவல் 10-லிருந்து 11-க்குப் பதவி உயர்வு பெற, கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியன்டேஷன் சான்றிதழ் கட்டாயம். பிஎச்.டி. வைத்திருப்பவருக்கு அந்த உயர்வு நான்கு வருடம் முடிந்தால் வரும், எம்.பில். என்றால் ஐந்து, இரண்டும் இல்லையென்றால் ஆறு. ஆகவே ஆட்கள் எப்போது போகிறார்கள்? பதவி உயர்வு விண்ணப்பம் நெருங்கும்போது. அதற்குள் மூன்று நான்கு செட் மாணவர்கள் படித்து முடித்துப் போய்விடுகிறார்கள். ஆசிரியருக்கும் பழக்கங்கள் இறுகிவிடுகின்றன. கரும்பலகையைப் பார்த்தே பேசுவது, நோட்ஸ் சொல்லி எழுதவைப்பது, "புரியுதா?" என்று கேட்டுவிட்டு வருகிற "புரியுது மேடம்" என்ற கோரஸை நம்பிவிடுவது. நாலு வருடம் ஊறிய பழக்கத்தை 21 நாளில் எடுப்பது எந்தப் பயிற்சியாளருக்கும் கஷ்டம்.

நான் ஓரியன்டேஷனுக்காகக் கோவையில் தங்கியிருந்தபோது என்னைத் தொட்டது ஒரே ஒரு பகுதி: மைக்ரோ டீச்சிங். 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறை அது. ஐந்து ஆறு நிமிடம், ஒரு சின்னப் பாடத்துண்டு, ஒரே ஒரு திறமை. சக ஆசிரியர்கள் மாணவர்களாக உட்காருவார்கள். முடிந்ததும் பேசுவார்கள். அதையே திருத்தி மறுபடி எடுக்க வேண்டும். அங்கே கேட்ட உரைகள் பலவும் அறிவுக்கு நல்லவை, குறித்து வைத்தேன். ஆனால் உடம்பில் ஏறியது அந்த ஆறு நிமிடங்கள்தான். ஒரு விலங்கியல் ஆசிரியர் எனக்கு மாணவராக உட்கார்ந்து, "மேடம், நீங்க கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிடறீங்க" என்றார். அதுவரை என்னிடம் அதை யாரும் சொன்னதில்லை.

கூடலூரில் பொறுப்பு வந்தபோது நான் தொடங்கியதும் அந்த ஆறு நிமிடத்திலிருந்துதான். புதன்கிழமை மதியம், கடைசி ஹவர் வகுப்பு இல்லாத ஆசிரியர்கள், ஒரு காலி அறை. புதிதாக வந்தவர் ஆறு நிமிடம் எடுப்பார். கேட்பவர்களில் ஒருவராவது வேறு துறைக்காரராக இருக்க வேண்டும் என்பது என் கண்டிஷன். தமிழ்த் துறை ஆசிரியருக்கு விளங்குகிற மாதிரி கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர் சொல்லிவிட்டால், முதல் வருடப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். முடிந்ததும் பாராட்டு வேண்டாம், குறை வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "ஆறு நிமிஷத்துல நீங்க வலது பக்கம் இருந்தவங்களை ஒரு தடவைகூடப் பார்க்கலை." "கிராஃப் போடறப்ப அச்சுக்குப் பேர் எழுதாம கோடு போட்டுட்டீங்க." இப்படி.

எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம்: கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள்; அதை மூன்று விநாடிக்கு நீட்டினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி என்பது கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். முன்னால் நின்று பாருங்கள், நாக்கு துடிக்கும். புதிய ஆசிரியருக்கு மௌனம் என்றால் தோற்றுப்போனது போல ஒரு பயம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, விரல் மடக்கி எண்ணச் சொல்வேன்.

கூடலூரில் இந்த மூன்று விநாடிக்குத் தனி மதிப்பு உண்டு. காட்டுநாயக்கர் பையன் ஒருவன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். "அவன் கவனிக்கறதே இல்ல மேடம்" என்று இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். ஒரு நாள் அவர் வகுப்பில் பின்னால் போய் உட்கார்ந்தேன். கேள்வி விழுந்ததும் முன் பெஞ்சு பதிலைப் பிடுங்கிக்கொண்டது. இந்தப் பையன் உதடு அசைந்தது. ஆசிரியரின் பேச்சைத் தமிழில் வாங்கி, தன் மொழியில் யோசித்து, மறுபடி தமிழுக்குக் கொண்டுவர அவனுக்கு நேரம் வேண்டியிருந்தது. அதற்குள் பாடம் அடுத்த பக்கம் போய்விட்டது. ஆசிரியரிடம் வெளியே வந்து சொன்னேன்: "தம்பி, அவன் கேட்டுட்டுத்தான் இருக்கான். நீங்க நில்லுங்க." அடுத்த வாரம் அவர் நின்றார். கேள்வியைச் சொல்லிவிட்டு, எல்லோரையும் நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு, பிறகு கேட்டார். பையன் எழுதியதைப் படித்தான். சரியான பதில். அந்த ஆசிரியர் இன்றைக்கும் எழுதவைத்துத்தான் கேட்கிறார்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்ப ஆசிரியரைத் தயார்செய்வதற்குக் கூடலூரிலேயே முன்னோடி இருக்கிறது. வித்யோதயா பள்ளியில் பழங்குடி இளைஞர்களையே பயிற்றுவித்து, அவர்கள் இனத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாக்கினார்கள். கல்லூரிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பள்ளியில் கற்றுக்கொள்ளக் கல்லூரிக்காரர்களுக்குக் கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பவர்கள் மாணவர்கள்.

இன்னொரு வகுப்பையும் சொல்லியாக வேண்டும். சேலம் பக்கத்திலிருந்து கௌரவ விரிவுரையாளராக ஓர் இளம் பெண் வந்திருந்தார். முதல் செமஸ்டர், நுண்ணியல் பொருளாதாரம், அளிப்பு நெகிழ்ச்சி. அவர் புதன்கிழமை அறையில் எடுத்துக் காட்டிய உதாரணம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்: விலை ஏறினால் தொழிற்சாலை உற்பத்தியைக் கூட்டும். குறை சொல்ல எதுவுமில்லை. "என்னம்மா, இந்த ஊர்ல எது விக்குது?" என்று மட்டும் கேட்டேன். யோசித்தார். "டீ, மேடம்." "அப்ப அதைப் போட்டுப் பாருங்க." அவருக்குத் தேயிலை பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டு, மாணவர்களிடம் கேட்கச் சொன்னேன்.

நானும் உட்கார்ந்திருந்தேன். பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினால் உங்கள் வீட்டில் கூடுதலாக எவ்வளவு பறிப்பீர்கள் என்று கேட்டார். பந்தலூர்ப் பக்கத்துச் சிறுவிவசாயி வீட்டுப் பெண் எழுந்தாள். "விலை ஏறிச்சுன்னா செடி உடனே குடுக்குமா மேடம்? அடுத்த ரவுண்டு வரைக்கும் காத்திருக்கணும்ல?" கொழுந்து பறித்த செடியில் மறுபடி பறிக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். புதிதாக நட்டால் மூன்று வருடமாவது வேண்டும். கவாத்து வெட்டிய வருடம் இலையே குறைவு. அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆசிரியர் பலகையில் எழுதினார். குறுகிய காலம், நீண்ட காலம் என்று புத்தகம் பிரிக்கிற பிரிவு பலகையில் தானாக எழுந்து நின்றது. அடுத்து ஒரு பையன்: "மழைக்கு இலை குவியறப்ப ஃபாக்டரியில கோட்டா வெச்சிருவாங்க மேடம். இலை இருந்தும் வித்தாகாது." அளிப்பு என்பது செடியில் இருக்கிற அளவா, சந்தைக்குப் போகிற அளவா என்ற கேள்வி பிறந்தது. சேரம்பாடிப் பெண் கடைசியாகப் பேசினாள். "எங்களுக்கு விலை கிடையாது மேடம். கூலிதான்." உற்பத்திக் காரணிகளும் கூலியும் பாடத்திட்டத்தில் பின்னால் வருபவை. அன்றைக்கே முளைத்துவிட்டன.

தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலை, குன்னூர் ஏல விலையோடு அதற்குள்ள உறவு, இதையெல்லாம் அந்த விரிவுரையாளர் பிறகு தானே தேடிப் படித்தார். செமஸ்டர் முடிவில் அவரிடம் ஒரு ஃபைல் இருந்தது, செய்தித்தாள் வெட்டுகள் நிறைந்தது. பாடம் நடத்தும் திறன் என்று பயிற்சிக் கையேடுகளில் எழுதியிருப்பதை அந்த ஃபைலில் நான் கண்ணால் பார்த்தேன். பாட அறிவு குறையவில்லை, கூடியது. மாணவியிடம் கேட்டதால் ஆசிரியரின் மரியாதையும் குறையவில்லை.

மொழியைப் பற்றியும் பேசினோம். ஆங்கில வழி என்று சேர்க்கையில் போட்டிருக்கும். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்களே பாதிக்குமேல். புதியவர்கள் இரண்டு எல்லைக்குப் போய்விடுவார்கள். ஒன்று முழுக்க ஆங்கிலத்தில் புத்தகத்தை வாசிப்பது, இல்லையென்றால் முழுக்கத் தமிழில் விளக்கிவிட்டு, பரீட்சைக்கு ஆங்கில நோட்ஸைக் கையில் கொடுப்பது. இரண்டிலும் மாணவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடத் தானாக எழுதுவதில்லை. விளக்கம் தமிழில் இருக்கட்டும், கலைச்சொல் இரண்டு மொழியிலும் பலகையில் நிற்கட்டும், வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அன்றைய பாடத்தை அவர்களே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதட்டும். இதைச் செய்யப் பெரிய பயிற்சி தேவையில்லை. செய்யச் சொல்லவும், செய்கிறாரா என்று வந்து பார்க்கவும் ஒருவர் வேண்டும்.

வினாத்தாள் விஷயம் வேறு. 1956-ல் பெஞ்சமின் புளூம் குழுவினர் வகுத்த படிநிலைகளைக் கே-1, கே-2 என்று இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் குறிக்க வேண்டும். நினைவில் வைப்பதில் தொடங்கி, புரிந்துகொள்வது, பயன்படுத்துவது என்று மேலே போகும் ஏணி. நல்ல ஏற்பாடு. ஆனால் புதியவர்கள் பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு குறியீட்டை மட்டும் நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். 'அளிப்பு நெகிழ்ச்சியை விவரி' என்ற கேள்விக்குப் பக்கத்தில் கே-4 என்று போட்டால் அது பகுப்பாய்வுக் கேள்வி ஆகிவிடாது. ஒரு மதியம் முழுக்க அந்த ஒரே கேள்வியை மாற்றி எழுதினோம். கடைசியில் வந்தது: 'மழைக்காலத்தில் தொழிற்சாலை கோட்டா விதிக்கும்போது சிறுவிவசாயியின் அளிப்பு வளைகோடு எப்படி மாறும்? வரைந்து காரணம் கூறு.' இதற்கு நோட்ஸில் விடை கிடையாது.

இப்போது எனக்கு மனசு ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளில் பெரும்பங்கைத் தாங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். வருடத்தில் பதினொரு மாதச் சம்பளம். மே மாதம் இல்லை. மலைக்கு வருபவர்களில் பலர் வாடகை கொடுத்துத் தனியாகத் தங்குகிறவர்கள். ஓரியன்டேஷன் விதி நிரந்தரப் பணியிடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. பழைய வழிகாட்டுதலின்படி, தற்காலிக ஆசிரியர்கள் மூன்று கல்வி ஆண்டுகள் வேலை செய்திருந்தால்தான் அதில் கலந்துகொள்ள முடியும். பதவி உயர்வு என்ற ஒன்றே இல்லாதவருக்கு, பதவி உயர்வுக்கான பயிற்சி எதற்கு என்று அலுவலகம் நினைத்துவிடுகிறது. அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிற மாணவிக்கு அந்த வித்தியாசம் எதற்கு? புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயை நம்பி, வீட்டில் வாதாடிவிட்டுக் கல்லூரிக்கு வந்தவள் அவள். அவளுக்கு ஒரே ஒரு முதல் வருடம்தான் உண்டு.

மாளவியா மிஷன் வந்தபின் ஒரு கதவு திறந்திருக்கிறது. 36 மணி நேர ஆன்லைன் பயிற்சி, எட்டுக் கருப்பொருள்கள், அவற்றில் மாணவர் பன்முகத்தன்மையும் உள்ளடக்கிய கல்வியும் ஒன்று. எங்கள் கௌரவ விரிவுரையாளர்கள் சிலர் ஆர்வமாகச் சேர்ந்தார்கள். மழையில் கரண்ட் போய், டவர் போய், நாடுகாணி மேட்டில் போய் நின்று போனைத் தூக்கிப்பிடித்து வகுப்புக் கேட்டவரும் உண்டு. அந்த முயற்சிக்கு நான் தலைவணங்குகிறேன். கேட்டது பயன்பட்டது. ஆனால் திரையில் பேசுகிறவர் இவருடைய வகுப்பைப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. வலது பக்கப் பெஞ்சைப் பார்க்கவில்லை என்று சொல்ல, அந்த அறையில் ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும்.

மற்ற இடங்களில் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே செய்கிறார்கள். நம் பொறியியல் கல்லூரிகளுக்கே ஏ.ஐ.சி.டி.இ. எட்டு மாட்யூல்கள் கொண்ட ஆசிரியர் பயிற்சியைப் புதியவர்களுக்குக் கொண்டுவந்தது. மாட்யூல்களை ஸ்வயம் தளத்தில் முடித்து, மூத்த ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலிலும் இருக்க வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் காலத்தில் இருக்கிற விரிவுரையாளர் கற்பித்தல் பயிற்சியை முடித்தால்தான் பணி உறுதியாகும்; கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் மேம்பாட்டு மையம் பல வருடங்களாக இதற்கான சான்றிதழ்ப் படிப்பை நடத்துகிறது. சேரம்பாடிப் பெண்ணின் தாத்தா விட்டுவந்த நாட்டில், விரிவுரையாளருக்கு வேலை நிலைக்கக் கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகளில் மட்டும் நாம் ஏன் இதைப் பதவி உயர்வுப் பக்கத்தில் தள்ளி வைத்திருக்கிறோம்?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. விதிமுறையில் ஏற்கெனவே இருக்கிற "கற்பிக்கத் தொடங்கும் முன்" என்ற சொற்களை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மாதம் முடியாவிட்டால், கல்லூரி திறக்கிற முதல் வாரமாவது கல்லூரியிலேயே நடக்கட்டும். நிரந்தரம், கௌரவம் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் நடக்கட்டும். கௌரவ விரிவுரையாளருக்கு அந்த வாரத்துக்குச் சம்பளமும் உண்டு என்று எழுதிக் கொடுக்கட்டும். அந்த வாரத்தில் ஒரு நாள் பந்தலூர் பஸ்ஸில் ஏறி, மாணவர்கள் வருகிற வழியில் போய் வரட்டும். முதல் செமஸ்டர் முழுக்க ஒரு மூத்த ஆசிரியர் புதியவரின் வகுப்பில் அவ்வப்போது உட்காரட்டும், புதியவரும் மூத்தவர் வகுப்பில் உட்காரட்டும். இது ரகசிய அறிக்கைக்குப் போகக் கூடாது. போனால் யாரும் கதவைத் திறந்து வைக்க மாட்டார்கள்.

இதற்கு நேரம் எங்கே என்று ஒவ்வொரு வருடமும் கேட்டார்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு என்று 2018 விதி சொல்கிறது. வருகைப் பதிவேடு, அக மதிப்பீடு, உதவித்தொகைப் படிவங்கள், 'நான் முதல்வன்' திட்டப் பதிவு எல்லாம் அதற்கு மேல். புதன்கிழமை மதியங்களை நாங்கள் சொந்த நேரத்தில்தான் எடுத்தோம். கூட உட்கார்ந்த சக ஆசிரியர்கள் மனசு வைத்ததால் நடந்தது. ஆள் மாறினால் நின்றுபோகும். ஆகவே புதியவரின் 16 மணியில் 2 மணியையும், அவருக்குத் துணை நிற்கிற மூத்தவரின் மணியில் 2 மணியையும் இந்த வேலைக்கென்று டைம்டேபிளிலேயே போட்டுத் தர வேண்டும். வரும் ஜூனில் பணி ஆணையோடு மலையேறி வருகிறவருக்கு அந்த டைம்டேபிள் தாளும் கையில் இருக்க வேண்டும்.